கால்பூட்டு

“தாய் எழுபது கிலோ என்கிறார். எழுபதுக்குரியதை எடுக்கவா, கண்ணுக்குத் தெரிகிறதற்குரியதை எடுக்கவா?” பாதி திறந்திருந்த களஞ்சிய அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் கேள்வி வந்தது; சுவிஸ் ஜெர்மனில், தணிந்த குரலில், சப்பாத்துப் போட்டுப் பார்க்கிற வாங்கில் இருக்கிற எனக்குக் கேட்கும் என்று நினைக்காமல். கேட்டவர் ரேட்டோ, இந்த விளையாட்டுப் பொருள் கடையில் சற்று முன்பு என் காலடியில் முழந்தாளிட்டுச் சப்பாத்தின் கொளுவிகளைப் பூட்டிவிட்டவர். பதில் கேட்கவில்லை. அதற்குள் யாரோ, அநேகமாக இங்கே வேலைசெய்கிற, தலைமயிரைக் கட்டையாக வெட்டிய கார்லா என்ற பெண், கதவைத் தள்ளிச் சாத்திவிட்டார். நான் அந்தக் குரலை மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். அதில் சிரிப்பு இருந்ததா? இருக்கவில்லை. எனக்குக் குரல்களைப் பிரித்துப் பார்க்கத் தெரியும். துணிக்கடையில் உங்கள் அளவு கீழ்த்தளத்தில் இருக்கக்கூடும் என்று சொல்கிற குரல் எனக்குத் தெரியும். விமானத்தில் இடுப்புப் பட்டிக்கு நீட்டுத்துண்டு கொண்டுவந்து, யாரும் பார்க்காதபடி கையில் வைத்துவிட்டுப் போகிறவரின் அன்பான குரலும் தெரியும். அந்த அன்பில்தான் கூட நோகும். இது இரண்டும் இல்லை. வெளியே மழையா பனியா என்று கேட்பதுபோல ஒரு கேள்வி. வேலை சரியாக நடக்கவேண்டும் என்று நினைக்கிற ஒருவரின் கேள்வி. அப்படித்தான், அப்படித்தான் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன், ஆனாலும் காது சுடுகிறது, கண்ணுக்குத் தெரிகிறது என்ற அந்த இடத்தில் மனம் போய்ப் போய்த் தடக்குகிறது, கண்ணுக்கு என்ன தெரிகிறது, எவ்வளவு தெரிகிறது, இந்தக் கறுப்பு ஜக்கெற் கொஞ்சமும் மறைக்கவில்லையா. பக்கத்தில் அம்மா கையுறை ஒன்றை உள்வெளியாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். “இதுக்குள்ளை ஆட்டு மயிரே வைச்சிருக்கிறாங்கள்? கை வேர்த்துப்போகுமே பிள்ளை” என்கிறார். பிறகு, “இவர் எங்கை போட்டார்? புதுசா உருக்கி வார்த்துக்கொண்டு வரப் போட்டாரோ?” எனக்குச் சிரிப்பு வருகிறது. அம்மாவுக்கு அந்தக் கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்த வேகத்துச் சுவிஸ் ஜெர்மன் அவருக்கு முழுதாக விளங்கியிராது. நல்லது, விளங்காமல் போனது நல்லது.

முன்னால் தாழ்ந்த மேசையில், சப்பாத்தைப் பனிப்பலகையோடு பிணைக்கிற பூட்டுகள் இரண்டு சோடி கிடக்கின்றன. ஒன்று கறுப்பு, பிளாஸ்டிக், கையில் எடுத்தால் பாரமே தெரியாது. மற்றது அலுமினியத்தில் கடைந்தெடுத்தது, சாம்பல் நிறம், விளிம்பில் கை வைத்தால் குளிர்கிறது. ஜெர்மனில் இதற்குப் பிண்டுங் என்று பெயர். வீட்டில் இதற்கு ஒரு சொல் இருக்கவில்லை, போன வருடம் ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “அப்ப உந்தக் கால்பூட்டுத்தானே உடைஞ்சது?” என்று அம்மாதான் ஒரு சொல்லை உண்டாக்கினார். அன்றிலிருந்து கால்பூட்டு. பனிப்பலகையில் போகிற எல்லாரும் இப்படிப்பட்ட பூட்டைப் போடுவதில்லை. பெரும்பாலானவர்கள் மெத்தென்ற சப்பாத்தைப் போட்டு வாரால் இறுக்கிக்கொண்டு, குதிப்பார்கள், சுழலுவார்கள், விழுந்து எழும்பிச் சிரிப்பார்கள். என்னுடைய வகை வேறு. ஸ்கீக்காரர் போடுவதுபோன்ற கெட்டிச் சப்பாத்து. அதை முன்னும் பின்னும் இரண்டு உருக்குக் கம்பி வளையங்கள் பிடித்துக்கொள்ளும். முன் வளையத்தில் ஒரு நெம்பு இருக்கும், அதை அமத்தினால் கால் பலகையின் ஒரு பகுதியாகிவிடும். பிறகு குதிப்பு இல்லை, வித்தை இல்லை. பலகையை விளிம்பில் நிறுத்தி, உடம்பைப் பனியோடு பனியாகச் சாய்த்து, ஒரு வளைவு, பிறகு மற்றப் பக்கம் ஒரு வளைவு, அவ்வளவுதான். மேலே ஏறிவந்து திரும்பிப் பார்த்தால் சரிவில் கத்தியால் கீறினமாதிரி ஒரு கோடு கிடக்கும். அப்பா மலையுச்சி உணவகத்தில் சமையல்வேலை. அங்கே வேலை செய்த ஒருவர் போகும்போது விட்டுப்போன பலகையும் சப்பாத்தும்தான் எனக்குக் கிடைத்தன. அந்தச் சப்பாத்து என் காலுக்குச் சரியாக இருந்ததே பெரிய ஆச்சரியம், எனக்குச் சரியாக இருக்கிற பொருள்கள் உலகத்தில் குறைவு. முதல் நாள் பலகை என் சொல் கேட்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. பிறகொரு பின்னேரம், ஆட்கள் எல்லாம் இறங்கிப் போன பிறகு, களைத்துப்போய், இனி விழுந்தாலும் பரவாயில்லை என்று சும்மா சாய்ந்தேன். விளிம்பு பனிக்குள் இறங்கிப் பிடித்தது. என்னைத் தாங்கியது. அப்போதுதான் விளங்கியது, விளிம்பு இறங்குவதற்குப் பாரம் வேண்டும். மெலிந்தவர்கள் கால்களை இறுக்கி, பல்லைக் கடித்து வரவழைக்கிற பிடி எனக்குச் சாய்ந்ததும் வந்தது. பிறந்ததிலிருந்து எல்லாரும் குறை குறை என்று சொன்ன ஒன்று, அந்தச் சரிவில் எனக்கு உதவிசெய்தது. நான் பனியில் அப்படியே இருந்து கொஞ்ச நேரம் அழுதேன். குளிர்கண்ணாடிக்குள் கண்ணீர் பனிப்புகார்போல ஏறி ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பலகைக்கும் மலைக்கும், என் தொடைகளுக்கும் வயிற்றுக்கும் கூட அன்றைக்கு நன்றி சொன்னேன். வாய்விட்டுத்தான் சொன்னேன், கேட்க யாரும் இல்லாததால்.

அப்படியென்றால் இப்போது ஏன் வாய் திறக்கமாட்டேன் என்கிறது. எழுபது இல்லை, நூற்றுக்கு மேல் என்று சொன்னால் முடிந்தது. ஜெர்மனில் அது சின்ன வாக்கியம். பல்கலைக்கழகத்தில் நீர்த்தேக்கங்களின் சுவர்களைப் பற்றி, எந்தச் சுவர் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதைப் பற்றி, மண்டபம் நிறைந்த ஆட்களுக்கு முன்னால் கதைத்திருக்கிறேன். குரல் நடுங்கினாலும் கதைத்து முடித்தேன். இங்கே பத்துப் பன்னிரண்டு பேர்தான். ஆனால் ரேட்டோ நிறை என்ன என்று கேட்டது என்னைத்தான், நான் வாய் திறக்கமுன் பதில் சொன்னது அம்மா. “சீப்சிக்” என்றார், எழுபது, அவ்வளவு தெளிவாக, பஸ்ஸில் ரிக்கற் கேட்கிறமாதிரி. அம்மா யோசித்துச் சொல்லவில்லை. அது அவர் வாயில் எப்போதும் தயாராக இருக்கிற எண். லண்டன் சித்தி தொலைபேசியில் கேட்டால் எழுபது. கனடாவில் இருந்து யாராவது மகனுக்குப் பெண் பார்க்கிறோம் என்று கதை விட்டால் எழுபது, “இன்னும் குறையுது, இப்ப மலையிலை ஓடித் திரியிறாள் எல்லே.” நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதும் எழுபது, பட்டம் எடுத்தபோதும் எழுபது. நான் மாறினேன், எண் மாறவில்லை. அது அளவே இல்லை, அம்மா எனக்காகத் தைத்துவைத்திருக்கிற ஒரு சட்டை. வெளியாட்கள் வந்தால் அவசரமாக எடுத்து எனக்கு மேலே போர்த்துவார். உண்மையான எண்ணைச் சொன்னால் நாவூறு படும், அல்லது அதைவிட மோசமாக, ஐயோ பாவம் என்பார்கள். இரண்டிலிருந்தும் என்னைக் காப்பாற்றத்தான். அது எனக்குத் தெரியும், தெரிந்தபடியால்தான் ஒருநாளும் அந்தச் சட்டையைக் கழற்றுங்கள் என்று கேட்கவில்லை. இப்போது நான் இல்லை என்று சொன்னால், அம்மா பொய் சொன்னவராகிவிடுவார். அதுவும் ஜெர்மனில். தமிழில் பகிடி விட்டு, சண்டை பிடித்து, எல்லாரையும் மடக்குகிற அம்மா, ஜெர்மனில் நுழையும்போது கொஞ்சம் குனிந்துதான் நுழைகிறார். அலுவலகங்களில் ஆட்கள் அவருக்குச் சத்தமாக, சொல் சொல்லாகப் பிரித்துக் கதைப்பதைச் சின்ன வயதிலிருந்து பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவர் அந்த மொழியில் தயங்காமல் சொன்ன ஒரே சொல்லை நான் எப்படி இல்லை என்பேன்.

சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். இடது கையைத் தூக்கினால் தோளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முடிச்சுத் தட்டுப்படுகிறது, எலும்பு பொருந்திய இடம். போன மாசியில் நல்ல வெயில், பனி இறுகிக் கிடந்தது, நான் சாய்ந்தேன், விளிம்பு பிடித்தது, எல்லாம் அழகாகத்தான் இருந்தது. பிறகு ஒரு சத்தம். உறைந்த குளத்தில் கல் விழுகிற சத்தம். பின் வளையம் பிளாஸ்டிக் அடித்தட்டிலிருந்து பிய்ந்து போய்விட்டது. ஒரு கால் கழன்றது, மற்றக் கால் பூட்டிலேயே இருந்தது, மிச்சத்தை மலை பார்த்துக்கொண்டது. பழைய பிளாஸ்டிக், மெலிந்த ஒருவருக்காகச் செய்தது, அது என்னை அவ்வளவு நாள் தாங்கியதே அதன் நல்ல மனம். அம்மா அப்படி நினைக்கவில்லை. நாவூறு என்றார். உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து என் தலையைச் சுற்றி, வறுக்கிற சட்டியில் போட்டு அடுப்பை மூட்டினார். புகைமணி அலறியது, பிறகு மேல்வீட்டு மணி, பிறகு முழுக் கட்டடத்தின் மணியும். மாடிப்படியில் சாரத்தோடு நின்ற அப்பாவிடம் பக்கத்து வீட்டுக்காரர் என்ன சமையல் என்று கேட்க, அப்பா யோசித்துவிட்டு “மருந்து” என்றார். அம்மா சட்டியோடு நின்று, “பாத்தியே, எவ்வளவு புகை. அவ்வளவு கண் பட்டிருக்கு” என்றார். தோளில் கட்டோடு நான் சிரித்தால் நோகும், சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. அதற்குப் பிறகு இனி மலைப்பக்கம் போகவேண்டாம் என்று சொல்வார் என்று மாதக்கணக்காகக் காத்திருந்தேன். சொல்லவில்லை. இன்றைக்குக் காலை நான் கடைக்கு வெளிக்கிட, அவரும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். “நல்லதாப் பாத்து வாங்குவம். இந்த முறை உடையாததா” என்றார். அந்த உடையாததா என்ற சொல் பஸ்ஸில் முழுக்க என் பக்கத்தில் இருந்தது. அப்படி வந்தவர்தான் எழுபது என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே வாய்தான் சொன்னது, இரண்டும் ஒரே காரணத்துக்காக.

பிளாஸ்டிக். எனக்கும் பிளாஸ்டிக்குக்கும் பழைய கதை ஒன்று இருக்கிறது. பேர்ண் பக்கத்தில் ஒரு கலியாண மண்டபம், வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரைகள், தாலி கட்டுகிற நேரம். கெட்டிமேளம் முழங்கத் தொடங்கியதும் எல்லாரும் பூவோடு எழும்பினார்கள், நானும் எழும்பினேன், திரும்ப இருந்தபோது கதிரையின் பின்னங்கால் வெளியே வழுக்கி, விரிந்து, உடைந்தது. மேளச் சத்தத்தில் கேட்டிராது என்று நினைத்தேன். முன்வரிசைவரை திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பதினைந்து வயதிருக்கும். சேலை முதல்முறை. யாரோ கதிரையை எடுத்துக்கொண்டு போனார்கள், யாரோ என் முழங்கையில் ஒட்டிய அரிசியைத் தட்டிவிட்டார்கள். அப்பா சமையல் பக்கம் போனார், திரும்பி வரும்போது இரண்டு கையிலும் இரண்டு மடக்குக் கதிரைகள், இரும்பு. “எனக்கு நாரி நோகுது, பிளாஸ்டிக்கிலை இருக்கேலாது” என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சத்தமாகச் சொல்லி ஒன்றில் தான் இருந்தார், மற்றதை எனக்குப் பக்கத்தில் விரித்துவிட்டு என்னைப் பார்க்காமலே மேடையைப் பார்த்தார். அப்பா மெலிந்து ஒட்டலான மனிதர், இடுப்பிலோ நாரியிலோ அவருக்கு ஒருநாளும் நோவு இல்லை. அதற்குப் பிறகு எந்த மண்டபத்துக்குப் போனாலும் அப்பாவுக்கு நாரி நோகும். ஆட்கள் வைத்தியம் சொல்லுவார்கள், எண்ணெய் சொல்லுவார்கள், அப்பா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். நான் அதற்கு இன்றைக்குவரை நன்றி சொல்லவில்லை. சொன்னால் அந்த நாரி நோவு பொய் என்றாகிவிடும். எங்கள் வீட்டில் நன்றி இப்படித்தான் தேங்கிப்போய்க் கிடக்கிறது, நாங்கள் ஒருவரையொருவர் பொய்களால் தாங்கிக்கொண்டிருப்பதால் அதைத் திறந்துவிட வழியில்லை. இரும்புக் கதிரையில் இருந்தபோது முதுகில் பட்ட அந்தக் குளிர் எனக்கு இப்போதும் பிடிக்கும். கையை நீட்டி அந்த அலுமினியத் தட்டைத் தொடுகிறேன். அதே குளிர்.

இது முறுக்கானது, வளைந்துகொடுக்காது என்று ரேட்டோ முதலே சொன்னார். மெலிந்தவர்களுக்கு இது அளவுக்கு மீறிய முறுக்கு, காலை நோகப்பண்ணும். பாரமானவர்களுக்குத்தான் இது இயல்பாக இருக்கும். அதன் அடியில் ஒரு ரப்பர் வளையம் போகும், மென்மை, நடுத்தரம், கடினம் என்று மூன்று வகை, ஆளின் நிறையைப் பார்த்துத்தான் போடவேண்டும். பாரமான ஆளுக்கு மென்மையானதைப் போட்டால் பலகைக்கும் காலுக்கும் நடுவில் ஒரு தளம்பல், நான் சாய்ந்த பிறகு யோசித்து யோசித்துத்தான் விளிம்பு சாயும். இன்னொரு கேள்வியும் இருக்கிறது. நெம்பு இல்லாமலே பூட்டுகிற வகை. சப்பாத்தின் குதிக்குள் சின்ன ஊசிகள் இருக்கும், மிதித்தால் டக்கென்று பிடித்துக்கொள்ளும், குனியத் தேவையில்லை. நான் வீட்டிலிருந்து வரும்போது அதைத்தான் மனதில் வைத்திருந்தேன். ஏனென்றால் குனிவது. மலைக்கு ஏற்றிப்போகிற தொங்குகதிரையிலிருந்து இறங்கியதும் ஆட்கள் நின்று கையுறையை இழுத்துக்கொண்டு படம் எடுக்கிற அந்தச் சமதரையில், தடித்த உடுப்பும் வயிறும் இடையில் நிற்க, மூச்சை அடக்கிக்கொண்டு நெம்பை எட்டிப் பிடிப்பது. முகம் சிவந்து நிமிரும்போது யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்ற பயம். அதைச் சொல்லாமல், வசதிக்காக என்று மட்டும் ரேட்டோவிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். “ஊசி நல்லதுதான். ஆனால் அசைகிற பாகங்கள் கூட, குதியில் விழுகிற பாரமும் கூட. எனக்கென்றால் நெம்புதான் வேண்டுவேன், பூட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம்” என்றார், தன் வயிற்றைத் தட்டிக்காட்டி. அவரும் பெரிய ஆள்தான் என்பதை அப்போதுதான் பார்த்தேன். நான் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறபடியால் மற்றவர்களின் உடம்பைப் பார்ப்பதில்லை. அந்தத் தட்டலுக்கு ஒரு நன்றி. குனியலாம். நான் குனியலாம். குனிந்து நிமிர எத்தனை பேர் பார்த்தாலும், அதற்குப் பிறகு வருகிற கோட்டை அவர்களால் கீற முடியாது. ஆனால் நெம்பும் உருக்கும் அலுமினியமும் எல்லாம் சரியாக வந்து, அடியில் எழுபதுக்கு உரிய வளையம் இருந்தால். அல்லது எழுபதுக்கு இந்தப் பிளாஸ்டிக்கே போதும் என்று கதவுக்குப் பின்னால் முடிவாகிவிட்டால். தோளில் அந்த முடிச்சு.

அம்மா கையுறையை வைத்துவிட்டு மேசைக்கு வருகிறார். பிளாஸ்டிக் பூட்டை எடுத்து, உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து, பெருவிரலால் அடித்தட்டை அமத்திப் பார்க்கிறார். அந்த அமத்தலை நான் பார்த்திருக்கிறேன், எங்கே என்று தேடுகிறேன், அம்மாவின் வேலைத்தலம். முதியோர் இல்லத்தில் ஆட்களைக் கட்டிலிலிருந்து தூக்குகிற மெசின் ஒன்று உண்டு, கொழுக்கியில் துணித்தொட்டில் தொங்கும். தொட்டிலின் பட்டி ஆளின் நிறைக்கு ஏற்றமாதிரி மாறும். நான் விடுமுறையில் அங்கே சாப்பாடு பரிமாறப் போனபோது பார்த்தேன், அம்மா ஒவ்வொரு பட்டியையும் பெருவிரலால் இப்படித்தான் அமத்திப் பார்ப்பார். ஃபிராவ் கெல்லர் என்று ஒரு அம்மையார், முன்பு துணிக்கடை வைத்திருந்தவர், உதட்டுச் சாயம் பூசாமல் கட்டிலை விட்டு எழும்பமாட்டார். நிறை பார்க்கிற கதிரையில் இருக்கமாட்டேன் என்று நாட்கணக்காக அடம்பிடித்தார். தன் நிறை அறுபது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றமுன்னம் தொடங்கிவிடுவார்: “அறுபதாம்! ஒரு கால்தான் அறுபது வரும். நிறையிலை என்ன வெக்கம்? பிழையான பட்டியைப் போட்டுத் தூக்கினா ஆர் விழுகிறது, நானோ?” பிறகு ஒருநாள் சிரித்துக்கொண்டு வந்தார். என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். ஒன்றும் செய்யவில்லையாம். கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை, புத்தி சொல்லவும் இல்லை. ஃபிராவ் கெல்லருக்கு முன்னாலே தானே போய் அந்தக் கதிரையில் ஏறி இருந்தாராம். முள்ளு காட்டினதைச் சத்தமாக வாசித்தாராம், ஜெர்மனில். பிறகு இறங்கி நின்றாராம். மனுசி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி, இப்ப என்னைத் தூக்கு என்றாவாம். இப்போது புதிதாக ஆர் வந்தாலும் அம்மா முதலில் தான் ஏறி இருந்து காட்டுவாராம், மற்ற வேலையாட்களும் அதைப் பழகிவிட்டார்களாம். அப்பா கேட்டார், “அப்ப முள்ளு எவ்வளவு காட்டினது?” அம்மா கறிச்சட்டியைத் திறந்துகொண்டே, “அது உங்களுக்கேன்?” என்றார். எங்களுக்கு இன்றைக்குவரை தெரியாது. வீட்டுக் குளியலறையில் நிறை பார்க்கிற மெசின் இருந்ததில்லை.

கதவு திறக்கிறது. ரேட்டோ வருகிறார், கையில் ரப்பர் வளையங்கள் இருக்கிற சின்னப் பை. பின்னால் கார்லா. ரேட்டோ என்னைப் பார்க்கவில்லை, என் சப்பாத்தைப் பார்க்கிறார். அவருக்கும் கூச்சம், அது எனக்கு இப்போது வடிவாகத் தெரிகிறது, என் கூச்சத்தைப் போலவே காது சிவக்கிற கூச்சம். கார்லாதான் கதைத்தார், அம்மாவைப் பார்த்து, மெதுவாக, ஆனால் சொல்லைப் பிரிக்காமல், சாதாரணமாக. உலோகத்துக்கு எந்த வளையம், அல்லது பிளாஸ்டிக்கே போதுமா என்று முடிவுசெய்ய வேண்டும், அதற்கு மலையில் போகிற கோலத்திலேயே, சப்பாத்தும் ஜக்கெற்றுமாக, ஒருமுறை நிறை பார்த்தால் நல்லது. ஸ்கீப் பூட்டுகளை முறுக்குவதற்காக எல்லாரையும் அங்கேதான் நிறுத்துவோம் என்றார். அங்கே என்று காட்டிய இடம் காசுமேசைக்குப் பக்கம். தரையில் ஒரு கறுப்புத் தட்டு, சுவரில் சிவப்பு எழுத்தில் எண் காட்டுகிற பெட்டி, கடைக்குள் எங்கே நின்றாலும் தெரிகிற அளவு பெரிய எழுத்து. வரிசையில் ஒரு தகப்பனும் பிள்ளைகளும், ஸ்கீக் கம்புகளோடு ஒரு கிழவர், இரண்டு பெண்கள். “தேவையில்லை” என்றார் அம்மா, ஜெர்மனில். “எழுபது.” ஆனால் இந்த முறை அந்தச் சொல் முதல் சொன்னமாதிரி வரவில்லை, நடுவில் கொஞ்சம் தட்டுப்பட்டது. கார்லா தலையாட்டினார், விவாதிக்கவில்லை. ரேட்டோ பையைத் திறந்து, மென்மையான வளையத்தை வெளியே எடுத்து, விரலால் சுற்றிக்கொண்டு நின்றார். மேசையில் வைக்கவில்லை. அவர் காத்திருக்கிறார் என்று விளங்கியது. அம்மாவுக்காக இல்லை, எனக்காக. எவ்வளவு பொறுமையான மனிதர். கதவுக்குப் பின்னால் அவர் கேட்ட கேள்விக்கு, அது என்னைக் குத்தியதாக நான் நினைத்த அந்தக் கேள்விக்கு, இப்போது நன்றி சொல்லவேண்டும்போல இருக்கிறது, நான் விழக்கூடாது என்று நினைத்த ஒருவர்தானே அப்படிக் கேட்பார். அம்மாவும் நான் விழக்கூடாது என்றுதான் எழுபது என்றார். அவர் நினைத்த விழுகை வேறு, அவ்வளவுதான். இல்லை என்று சொல்லாமல், பொய் என்று சொல்லாமல், வேறு எப்படி. தமிழில் கேட்கலாம். அவருடைய மொழியில், அவருடைய வேலையைப் பற்றி. சப்பாத்து நிலத்தோடு ஒட்டிக் கிடக்கிறது, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் என்னால் எழும்பவும் ஏலாது.

“அம்மா” என்றேன். “ஃபிராவ் கெல்லருக்கு எந்தப் பட்டி போட்டனீங்கள்?”

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு தன் கையில் இருந்த பிளாஸ்டிக் பூட்டைப் பார்த்தார், அதை இன்னும் வைக்கவில்லை, பெருவிரல் இன்னும் அடித்தட்டில்தான் இருந்தது. பிறகு என் இடது தோளை. “உனக்கு வாய் கூடிப்போச்சு” என்றார் மெல்ல. பூட்டை மேசையில் வைத்தார். கைப்பையை என் மடியில் வைத்தார். காசுமேசைக்குப் பக்கத்தில் போய், குளிர்ச்சப்பாத்தின் இழுவைகளைத் திறந்து இரண்டையும் கழற்றிச் சுவரோரம் சோடியாக வைத்தார், கோயில் வாசலில் வைக்கிறமாதிரி. ஜக்கெற்றோடு, கம்பளிக் காலுறையோடு, அந்தக் கறுப்புத் தட்டில் ஏறி நின்றார். வரிசையில் நின்ற பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். சுவரில் சிவப்பு எண்கள் ஓடி நிற்கும்வரை அம்மா பொறுத்திருந்தார். பிறகு அந்த எண்ணைக் கடை முழுக்கக் கேட்கும்படி ஜெர்மனில் வாசித்தார்.

இறங்கி, வெறுங்காலுறையோடு ஈரத்தரையில் நடந்து வாங்கடிக்கு வந்து, எனக்குக் கையை நீட்டினார்.